ரொறன்ரோவின் முதற் சம்மாட்டி

ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதவேண்டி வந்தது என் தலைவிதி. மனிதர் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பிரான்சில் பாய்ப்படகுப் பந்தயங்கள் தொடங்கிய காலத்தில் போட்டிக்கு இறங்கி, பதக்கமும் வாங்கி, மீசையை முறுக்கிப் படமும் பிடித்துக்கொண்ட பெரிய மனிதர். ஒரு குளிர்காலம் முழுக்க என் சமையலறை மேசையில் அவரோடு குடித்தனம் நடத்தினேன். அப்படியொரு உதவாக்கரையை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. நேரில் கண்டிருக்கிறேன். அந்த ஆள்தான் எனக்கு இந்த வேலையைத் தந்தவர்.

தந்தவருக்கு ஸ்காபரோவில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். பஸ் தரிப்பிடத்து வாங்குகளில், விளம்பரத்துக்கு ஒட்டின அவருடைய முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மாரிகாலத்தில் அந்த முகத்தின்மேல் உட்கார்ந்துதான் நான் வேலைக்குப் பஸ் பிடிப்பேன். அதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணிப் பக்கத்து ஊர் அவருக்கு. கடல் என்று அவர் கண்டது கீரிமலையில், செத்தவர்களின் அந்தியேட்டிச் சடங்குக்குப் போய் முழங்கால் நனைத்தபோது. அப்படிப்பட்டவர் அறுபது வயது கிட்டும் நேரத்தில் ஒரு பாய்ப்படகை வாங்கினார். ஏன் என்று கேட்டால், "லேக்கில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி, ஆராவது தொடங்கத்தானே வேணும்" என்பார். எங்கள் ஆட்கள் லேக்கில் இல்லைத்தான். அவர்கள் பிறம்ரனில் லொறிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்றால், என் மகனும் அவருடைய மகளும். பள்ளிக்கூடத்தில் பழகி, படித்து முடித்து, மகன் ஒஷாவாவில் எஞ்சினியர், அவள் மருந்துக் கடையில் வேலை. கலியாணம் செய்யவேண்டும் என்று இருவரும் கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. தாய் இல்லாத பிள்ளை அவள். சின்ன வயதிலேயே தாய் போய்விட, சோறு ஊட்டி, தலை வாரி இழுத்து, நீச்சலுக்கும் பரதத்துக்கும் கொண்டு திரிந்தது அப்பன். இதை நான் மறுக்கமாட்டேன். அதனால் அவள் ஒரே பிடியாக நின்றாள். "அப்பா மனசோட ஓம் எண்டு சொல்லாம எனக்கு வெடிங் வேண்டாம் அன்ரி. அவர் இல்லாத ஹோலுக்குள்ள நான் எப்பிடி நடந்து வாறது?"

அப்பனோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சமயம் வேறதானே, அதுதான் யோசிக்கிறன்" என்று ஒரே பல்லவி. நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் சைவம். பிள்ளை அதை நம்பினாள். கோயிலிலும் செய்வோம், தேவாலயத்திலும் செய்வோம் என்றாள். என் மகன் ஐயருக்கு முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு இருக்கவும் தயார். ஆனால் அதே மனுஷனுடைய அண்ணன் மகன் கத்தோலிக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டியபோது, இவர் மேசையில் இருந்த பூவைக் காதில் செருகிக்கொண்டு பைலா ஆடியவர். அதை நான் கண்ணால் கண்டேன். என்ன சமயம்! என்ன யோசனை! நாங்கள் பாசையூர்க் கடற்கரைச் சனம் என்பதுதான் அவருடைய தொண்டையில் சிக்கிய முள். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. இந்த நாட்டில் சொன்னால் மகள் காறித் துப்புவாள் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் கையில் கடைக் கோப்பியோடுதான் வருவார். தேத்தண்ணீர் ஊற்றட்டா என்றால், "இப்பதான் குடிச்சனான் தங்கச்சி, பாருங்கோ" என்று கடதாசிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார். வடை வைத்தால் வயிறு சரியில்லை. பழம் வைத்தால் சீனி வருத்தம். வெறும் தண்ணீருக்கு என்ன வருத்தம் சொல்லுவார் என்று பார்க்க ஒருநாள் தண்ணீர் வைத்தேன். மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே மூன்று தரம் விழுங்கினார், எச்சிலை. பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா கோப்பிப் பைத்தியம் என்று சிரிப்பாள்.

படகை அவருக்கு விற்றது கியூபெக்கில் இருந்து வந்த ஒரு வயோதிபர். படகோடு சேர்த்து ஒரு புத்தகமும் கொடுத்தாராம், தன் பூட்டனைப் பற்றித் தானே எழுதிய வாழ்க்கை வரலாறு. நான் பரிஸில் நீண்டகாலம் இருந்தவள், அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்த்தவள், இங்கே பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளுக்கும் எழுதுபவள் என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதைத் தமிழில சுருக்கி எழுதித் தரவேணும். என்ர அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு சின்னப் புத்தகமா வெளியிடுவம். அந்த நாளையில பிரெஞ்சில ஒரு வீரன், இந்த நாளையில கனடாவில ஒரு தமிழன். எப்பிடி ஐடியா?"

"நல்ல ஐடியா அண்ணை" என்றேன். மகனுக்காக. வேறு எதற்காகவும் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திராது.

இனி அந்த வீரனைக் கேளுங்கள். பிறந்தது நெசவாலைப் பணத்தில். படிப்பு ஏறவில்லை, குதிரை அவரை இரண்டு தரம் கீழே போட்டது, ஆகவே தகப்பன் படகு கட்டிக் கொடுத்தார். அந்தக் காலத்துப் பந்தயச் சட்டப்படி படகு யாருடையதோ வெற்றியும் அவருடையது. பிரான்சின் மேற்கே பிறெத்தோன் கடற்கரையிலிருந்து நாலு மாலுமிகளைச் சம்பளத்துக்குப் பிடித்தார். சுக்கான் பிடிக்க இன்னொருவன். இவர் என்ன செய்தார்? வெள்ளைத் தொப்பி போட்டார். பந்தயம் கடலிலும் இல்லை, ஆற்றில். அன்றைக்குக் காற்று செத்துக் கிடந்தது. மற்றப் படகுகள் நடு ஆற்று நீரோட்டத்தில் பின்னுக்கு இழுபட, இந்தச் சுக்கான்காரன் கரையோர மரநிழலுக்குள் படகைக் கொண்டுபோய், ஓட்டம் குறைந்த தண்ணீரில் ஊரவிட்டு வென்றான். அந்த நேரம் வீரர் கித்தான் நிழலில் குளிர்ந்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை நான் கட்டிச் சொல்லவில்லை. பூட்டப்பிள்ளை பெருமையாக எழுதியிருக்கிறார், எங்கள் பூட்டனார் ஆபத்திலும் அமைதி இழக்காதவர் என்று!

பதக்கம் வீரருக்கு. விருந்தும் வீரருக்கு. சுக்கான்காரனுக்கு அன்றிரவு குசினியில் சாப்பாடு போட்டார்களாம், நல்ல தாராளமாக. புத்தகம் முழுக்க அவனுக்குப் பெயர் இல்லை. 'எங்கள் விசுவாசமான ஆள்' என்று மட்டும் வருகிறது. வீட்டு நாய்க்கு மட்டும் பெயரும் படமும் உண்டு. முதுமையில் வீரர் 'கடலும் துணிவும்' என்ற பொருளில் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தார். ஒருமுறை இறங்குதுறையில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்ததும், தூக்கி எடுக்க நாலு பேர் தேவைப்பட்டதும் கடைசி அத்தியாயம். சீ, இதுவும் ஒரு சீவியம்.

வசந்தம் வந்து படகைத் தண்ணீரில் இறக்கியபோது எங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். போனேன். சுக்கானில் என் மகன். அவன் இந்த ஏரியில் பள்ளிக்கூட நாளிலிருந்தே பாய்ப்படகு பழகியவன்; அந்தப் படகை வாங்கின நாளிலிருந்து ஓட்டுகிறவன் அவன்தான். கயிறுகளில் மகள். வெள்ளைத் தொப்பியோடு நடுவில் அவர். ஆம், அதே வெள்ளைத் தொப்பி. கரையை விட்டுக் கொஞ்சம் காற்று எழும்பியதும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் ஸ்லோ பண்ணும்" என்றார்.

"அங்கிள், அது விண்ட்" என்றான் மகன்.

"அதுதான் சொல்லுறன், கொஞ்சம் குறையும்."

காற்றுக்குப் பிரேக் கேட்ட மனுஷனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு படம் எடுக்கவேண்டும் என்று சுக்கானை வாங்கினார். பிடித்ததுதான் தாமதம், படகு முகத்தைத் திருப்ப, பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்து வர, தொப்பி ஏரிக்குள். மகன் பாய்ந்து சுக்கானைப் பிடித்திராவிட்டால் தலையும் போயிருக்கும். அடுத்த நாள் முகநூலில் படம் வந்தது. 'ஏரியை வென்ற தமிழன்.' என் மகனை வெட்டி எறிந்திருந்தார்கள். சுக்கானில் அவனுடைய முழங்கை மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. எனக்கு உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. மகன்தான், "அம்மா, விடுங்கோ. இற்ஸ் ஜஸ்ற் எ பிக்சர்" என்றான். நல்ல பிள்ளை. என்னிடம் பிறந்ததா என்று சில நேரம் சந்தேகம் வரும்.

எழுதும்போது ஒரு சொல்லில் வந்து முட்டினேன். அந்தப் பிரெஞ்சுக்காரரைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'வீரர்' என்று போடவேண்டும் என்பது அவருடைய கட்டளை. என் கை எழுத மறுத்தது. கடலோடி? ஓடியவன் வேறொருவன். மாலுமியா என்றால் அதுவும் இல்லை. எங்கள் கரையில் இதற்கெல்லாம் குழப்பமே கிடையாது. சுக்கானைப் பிடித்து ஓட்டுகிறவன் தண்டையல். வள்ளமும் வலையும் யாருக்குச் சொந்தமோ, யார் கரையில் நின்றுகொண்டு ஆட்களை ஏவுகிறாரோ, அவர் சம்மாட்டி. மீன் பிடிக்கிற சனத்தின் முதலாளி. எங்கள் பெரியப்பா ஒரு சம்மாட்டி. பிரெஞ்சுக்காரர் அச்சொட்டாக அதேதான். ஆகவே போட்டேன்: 'பாய்ப்படகுச் சம்மாட்டி'. சொல்லும் சரி, எனக்கும் உள்ளூர ஒரு குளிர்ச்சி.

எழுதியதைப் படிக்க வந்தவர் கடைக் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு அந்தச் சொல்லில் நின்றார்.

"சம்மாட்டி எண்டால்?"

"படகும் ஆக்களும் ஆருக்குச் சொந்தமோ அவர், அண்ணை. அவர் சொன்னாத்தான் படகு இறங்கும்."

"ஆ! சம்மாட்டி... சக்கரவர்த்தி மாதிரி ஒரு கம்பீரம் இருக்கு. சங்க காலச் சொல்லோ?"

"பழைய சொல்தான். ஆனா அண்ணை, அது எங்கட கடற்கரையில—"

"ஓமோம், கடற்சொல்தானே வேணும்! நெய்தல் நிலம்! நான் ஸ்கூலில படிச்சனான்." கண் மின்னியது. "அப்ப நானும் ஒரு சம்மாட்டிதானே?"

"நீங்கள் இல்லாமலோ" என்றேன்.

அவ்வளவுதான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அழைப்பிதழில் அந்தச் சொல். பனரில் அந்தச் சொல். என் மகன் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனான். பாட்டன் வீட்டுச் சொல் அவனுக்குத் தெரியும்.

"அம்மா, அவருக்கு மீனிங் தெரியுமோ? உவர் எங்கட சாதி எண்டு போர்ட் போட்டுக்கொண்டு நிக்கப்போறார். தெரிஞ்சா வெடிங் அவ்வளவுதான். முடிஞ்சுது."

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். அது எங்கள் மீன்பிடிச் சனத்தின் சொல், மாற்றுங்கள் என்று உடைத்தே சொன்னேன். அவர் கேட்டால்தானே! "தங்கச்சி, பிரிண்ட் பண்ணியாச்சு. தமிழ் படிச்ச ஒரு புரொபெசருக்கும் காட்டினனான், அருமையான சொல் எண்டவர். நீங்கள் எல்லாத்துக்கும் பயப்படுறியள்" என்று எனக்கே புத்தி சொல்லி வைத்தார். அந்தப் புரொபெசர் எந்தத் தோட்டத்தில் தமிழ் படித்தாரோ.

விழா ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், மத்தியானச் சாப்பாட்டோடு. மேடையின் பின்னால் சுவரளவு பனர். அதில் தொப்பியும் அவரும், கீழே ஆள் உயர எழுத்தில்: 'ரொறன்ரோவின் முதற் சம்மாட்டி'. முன்வரிசையில் அவருடைய உள்ளூர்ச் சொந்தம், பட்டும் பவுணுமாக. படகென்றால் கடற்கரை ஆட்கள் கைதட்டுவார்கள் என்று எங்கள் பக்கத்துச் சனத்தையும் பின்மேசைகளுக்கு அழைத்திருந்தார். அவர்களுடைய வீடுகளையும் அவர்தானே விற்கிறார். முதலில் முன்வரிசையில் சலசலப்பு இல்லை. இளசுகளுக்குச் சொல் தெரியாது, கிழடுகள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தன. பின்மேசைகளில் சிரிப்பு கொதிக்கத் தொடங்கியது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் கரையைச் சேர்ந்த ஒரு வயதானவர், ஸ்காபரோவில் மீன்கடை வைத்திருப்பவர், மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். கண் கலங்கியிருந்தார். பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டபோது மைக்கை வாங்கிக்கொண்டு பேசினார்.

"சம்மாட்டியார்! இவ்வளவு காலமும் நீங்கள் எங்கட ஆள் எண்டு தெரியாமப் போச்சு. எத்தினை பேர் இந்த நாட்டுக்கு வந்து கரையை மறைச்சுக்கொண்டு திரியிறாங்கள். நீங்கள் சுவரில எழுதி வைச்சிருக்கிறியள். எங்களுக்குப் பெருமை. நீங்கள் எந்தக் கரை? ஆரின்ர மகன்?"

அப்படியே பொன்னாடையைப் போர்த்திக் கட்டிப் பிடித்தார். பின்மேசைகளில் சிரிப்பு நின்று கைதட்டல் கிளம்பியது. சம்மாட்டி இன்னும் இளித்துக்கொண்டுதான் நின்றார். அப்போது அவருடைய அத்தான் மேடைக்கு ஓடிப்போய்க் காதில் எதையோ சொன்னார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ் வாங்கில் இருக்கிற சிரிப்பு அப்படியே உறைந்து, வாய் மட்டும் திறந்து மூடியது. தோளிலிருந்த பொன்னாடையை, நெருப்புப் பட்டதைப் போல, இழுத்துக் கதிரையில் போட்டார். மைக்கைப் பறித்தார்.

"ஒரு சின்ன மிஸ்ரேக். எல்லாரும் தப்பா விளங்கக்கூடாது. நாங்கள்... நாங்கள் அந்த ஆக்கள் இல்லை."

நல்ல மைக். மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. மீன்கடைக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நாலு வருடம் கோப்பிக் கோப்பைக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை மனுஷன் ஒரு நொடியில் சபையில் கொட்டிவிட்டார். இவ்வளவுதானா உன் தைரியம், சனத்துக்கு முன்னால் உன் மரியாதை கிழியும்போதுதான் உண்மை வருமா என்று எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. எழும்பிக் கத்தியிருப்பேன். அதற்குள் மேடைக்குக் கீழே நின்ற பிள்ளை கேட்டாள்.

"எந்த ஆக்கள், அப்பா?"

"அது... வீட்டில கதைப்பம் பிள்ளை."

"வீட்டில சமயம் எண்டுதானே சொன்னீங்க. எந்த ஆக்கள்?"

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் பனரைப் பார்த்தார். பிள்ளை திரும்பிப் பின்மேசைகளைப் பார்த்தாள். எங்கள் சனம் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ தாங்கள் பிழை விட்டதைப் போல. அதில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பி, வயிற்று வருத்தம், எல்லாம். படித்த பிள்ளை, கெட்டிக்காரி, ஒரு சொல் போதும். மேடைக்குப் போனாள். கதிரையில் கிடந்த பொன்னாடையை எடுத்து உதறி மடித்து, மீன்கடைக்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்து, "ஸொறி அங்கிள்" என்றாள். தகப்பனின் பக்கம் திரும்பவில்லை. நேரே எங்கள் மேசைக்கு வந்தாள். நான் அவளுக்கு இத்தனை காலமும் அன்ரி.

"மாமி, எழும்புங்கோ. போவம்."

என் மகன் கார்ச் சாவியைத் தேடினான், சட்டைப் பைகளையெல்லாம் தடவினான். சாவி கையிலேயே இருந்தது.

மகன் ஓட்ட, நானும் அவளும் பின்னால் இருந்தோம். எனக்கு வாய் நிறைய இருந்தது. அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த சொற்கள், பிரெஞ்சிலும் தமிழிலும். இனி அடக்க என்ன காரணம்? வென்றது நாங்கள். பிள்ளை எங்கள் காரில் இருக்கிறாள். தொடங்கலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். கண்மை கன்னம்வரை ஓடியிருக்க, அவள் போனில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் பிழைத்துப்போக, அழித்து அழித்து எழுதினாள்.

"ஆருக்கம்மா?" என்றேன்.

"பெரிய மாமாவுக்கு, மேடையில அப்பான்ர காதுக்குள்ள சொன்னாரே, அவருக்கு. கேக் நான்தான் ஓடர் பண்ணினது, மாமி. இன்னும் வெட்டேல்லை. அப்பாவுக்கு உண்மையிலேயே சுகர் இருக்கு. ஆக்கள் சும்மா சும்மா ஊட்டுவினம், அவர் வெக்கத்தில எல்லாம் சாப்பிட்டிடுவார். சின்னத் துண்டு மட்டும் குடுக்கச் சொல்லுறன்."

மகன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். "திரும்பிப் போவமா?"

"வேண்டாம்" என்றாள். "நேர போ."